தள்ளிவிடாமல் ஓடவேண்டும்: 9 மி.மீ. நேரோ கேஜ் லோகோவை மாற்றியமைத்து வீட்டு லேஅவுட்டில் ஓட்ட முழுமையான வழிகாட்டி

நேரோ கேஜ் (குறுகிய ரயில்பாதை) மாடல் லோகோவை, அதாவது என்ஜினைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வருபவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒரே புகார்தான்: "தள்ளிவிட்டாத்தான் ஓடுது." வண்டி பார்க்க அழகாக இருக்கும். பெயின்ட் அடித்து, நம்பர் ஒட்டி, கேபினுக்குள் டிரைவர் பொம்மைகூட வைத்திருப்பார்கள். பாயிண்ட் (பாதை பிரியும் இடம்) வந்ததும் நின்றுவிடும். விரலால் தட்டினால் இரண்டு அங்குலம் போகும், மறுபடி நிற்கும்.

பாடியில் ஆரம்பித்துச் சக்கரத்தில் முடித்திருப்பார்கள். அதுதான் சிக்கல். பெரிய கேஜில் (தண்டவாள இடைவெளியில்) எட்டுப் பத்து சக்கரங்கள் மின்சாரம் எடுக்கும், எடையும் இருக்கும். வரிசை மாறினாலும் வண்டி மன்னித்துவிடும். நாலு சக்கரமும் ஐம்பது கிராம் எடையும் உள்ள குட்டி லோகோ மன்னிக்காது. அதனால் கீழிருந்து மேலே போவோம்: தண்டவாளம், சேசிஸ் (மோட்டாரும் சக்கரமும் உள்ள அடிப்பகுதி), பிக்கப் (சக்கரத்திலிருந்து மோட்டாருக்கு மின்சாரம் எடுக்கும் தொடர்பு), அதற்கப்புறம்தான் பாடி (மேல்கூடு).

இங்கே எடுத்துக்கொள்வது பலரும் முதலில் செய்கிற வேலை. N கேஜ் (பெரிய பாதை ரயில்களை மிகச் சின்ன அளவில் செய்யும் 9 மி.மீ. மாடல் வகை) லோகோவின் சேசிஸ் ஒன்றை வாங்கி, அதன் மேல் நேரோ கேஜ் பாடி பொருத்தி, 9 மி.மீ. தண்டவாளத்தில் ஓட்டுவது. ரெடிமேடாக வாங்கிய நேரோ கேஜ் லோகோ திணறினாலும் 3 முதல் 6 வரையுள்ள பகுதிகள் அப்படியே பொருந்தும்.

1. கேஜ் கணக்கை முதலில் முடியுங்கள்

9 மி.மீ. தண்டவாளம் ஒன்றுதான். அதன் மேல் எந்த அளவில் பாடி வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து அது வேறு வேறு ரயில்பாதை ஆகிறது.

1:87 அளவில், அதாவது நிஜத்தின் 87இல் ஒரு பங்காகச் செய்யும்போது, 9 மி.மீ. என்பது 783 மி.மீ. கால்கா–சிம்லா பாதையின் 762 மி.மீ. கேஜுக்கு இது ஏறக்குறைய சரி. இதை எச்ஓஇ என்பார்கள். 1:76 அளவில் அதே 9 மி.மீ. 684 மி.மீ. ஆகிறது. டார்ஜிலிங், மாத்தேரான் போன்ற இரண்டடி, அதாவது 610 மி.மீ. பாதைகளுக்குக் கணக்குப்படி 8 மி.மீ. தண்டவாளம் வேண்டும். அந்த ஒரு மி.மீ. வித்தியாசத்தைப் பொறுத்துக்கொண்டு 9 மி.மீ.யிலேயே ஓட்டும் முறைக்கு 009 என்று பெயர். கண்ணுக்கு உறுத்தாது.

ஊட்டி ரயிலை இதில் ஓட்டலாமா என்று கேட்காதவர்கள் குறைவு. ஊட்டிப் பாதை நேரோ கேஜ் அல்ல, மீட்டர் கேஜ். 1:87 அளவில் அதற்கு 12 மி.மீ. தண்டவாளம் வேண்டும். 9 மி.மீ. சேசிஸ் மேல் ஊட்டி என்ஜினின் பாடியை வைத்தால் பானைக்குக் கீழே பம்பரம் வைத்ததுபோல் இருக்கும்.

அளவை இப்போதே முடிவு செய்யச் சொல்வதற்குக் காரணம், சேசிஸ் தேர்வு அதை நம்பியிருப்பதுதான். டார்ஜிலிங்கின் பி கிளாஸ் என்ஜினுக்குச் சக்கர விட்டம் 26 அங்குலம். 1:76 அளவில் அது 8.7 மி.மீ. இதற்கு நெருக்கமான சக்கரமுள்ள சேசிஸைத் தேடவேண்டும். பாடியை வாங்கிவிட்டுச் சேசிஸ் தேடினால் சக்கரம் ஃபுட்பிளேட்டில் (என்ஜினின் அடித்தட்டில்) இடிக்கும். இல்லையென்றால் வண்டி கட்டைவிரலில் நிற்பதுபோல் உயரமாக நிற்கும். சேசிஸ் முதலில், அதற்கேற்ற பாடி பிறகு.

2. மேசையில் என்னென்ன வேண்டும்

மல்டிமீட்டர். இது இல்லாமல் ஆரம்பிக்கவே வேண்டாம். தொடர்பு இருந்தால் பீப் அடிக்கும் வசதி உள்ளதாக, முந்நூறு ரூபாய்ச் சரக்கானாலும் போதும்.

25 வாட் சால்டரிங் அயர்ன், கூர்முனையோடு. பிளம்பர்கள் பயன்படுத்தும் ஆசிட் ஃப்ளக்ஸ் வேண்டாம். அது தங்கிவிட்டால் மெல்லிய கம்பியைப் பச்சைப்பிடிக்க வைத்து அரித்துவிடும். எலக்ட்ரானிக்ஸ் வேலைக்கான ரோசின் ஃப்ளக்ஸ் வாங்குங்கள்.

0.25 அல்லது 0.3 மி.மீ. பாஸ்பர் பிரான்ஸ் கம்பி (ஸ்பிரிங்போல் வளையும் ஒருவகை வெண்கலக் கம்பி), ஒரு துண்டு செப்புப் பூச்சுப் பலகை (வெற்று பிசிபி), மெல்லிய வயர், கேப்டன் டேப். சென்னையில் இருப்பவர்களுக்கு, பாஸ்பர் பிரான்ஸ் கம்பி தவிர மற்றதெல்லாம் ரிச்சி தெருவில் ஒரே நடையில் கிடைத்துவிடும். கேப்டன் டேப் என்பது செல்போன் ரிப்பேர் செய்பவர்கள் வைத்திருக்கும் பொன்னிறத் டேப்தான். மெல்லியது, சூடு தாங்கும், மின்சாரம் கடத்தாது.

எடைக்கு, தூண்டில் கடையில் விற்கும் ஈயக்குண்டுகள், அல்லது டயர் கடையில் அலாய் வீலுக்கு ஒட்டும் 5 கிராம் எடைக்கட்டிகள். ஈயத்தைத் தொட்டபின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அரத்தால் ராவினால் தூளை ஈரத்துணியால் துடைத்தெடுங்கள், ஊதாதீர்கள்.

ஊசி அரம், நோஸ் பிளையர், சின்ன ஸ்குரூடிரைவர் செட், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். கடைசியாக ஒரு வெள்ளைத் துண்டு. அதை மேசையில் விரித்து அதன் மேல்தான் லோகோவைக் கழற்றவேண்டும். 1.4 மி.மீ. ஸ்குரூ மொசைக் தரையில் விழுந்தால் கிடைக்காது. வொர்ம் கியர் (திருகுப் பல்) ஷாஃப்டின் முனையில் கடுகளவு வாஷர் இருக்கும். அது பலர் கண்ணில் படுவதே தொலைந்த பிறகுதான். கழற்றும் ஒவ்வொரு கட்டத்திலும் செல்போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

3. தண்டவாளம் சரியா என்று பாருங்கள்

லோகோவைத் திறப்பதற்கு முன் லேஅவுட்டைச் (பலகையில் போட்ட ரயில்பாதை அமைப்பை) சோதிக்கவேண்டும். இல்லாவிட்டால் தண்டவாளத்தின் தப்புக்கு என்ஜினைக் கழற்றிக்கொண்டிருப்போம். நானே ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அப்படிக் கழித்திருக்கிறேன். கடைசியில் பார்த்தால் ஒரு ஜாயினர் (தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் தகடு) தளர்ந்திருந்தது.

ஃபீடர் வயர்: கன்ட்ரோலரிலிருந்து ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் தனியாக வயர் இறக்குங்கள். ஜாயினர்களை நம்பாதீர்கள். அவை தண்டவாளத்தை நேர்கோட்டில் பிடிப்பதற்கு. மின்சாரம் கொண்டுபோவது அவற்றுக்கு உபரி வேலை. ஆறு மாதத்தில் உள்ளே கறுத்துவிடும், கடற்கரைப் பக்கம் வீடு என்றால் இன்னும் சீக்கிரம்.

பாயிண்ட்: ஃபிராக் என்பது இரண்டு தண்டவாளங்கள் குறுக்கே சேரும் முனை. சில பாயிண்டுகளில் அது வெறும் பிளாஸ்டிக். நாலு சக்கர லோகோவின் முன்சக்கரம் அந்தப் பிளாஸ்டிக்கில் இருக்கும்போது, அந்தப் பக்கம் மீதியிருப்பது பின்சக்கரம் ஒன்றுதான். அதில் தூசு பட்டால் வண்டி நின்றது நின்றதுதான். அதனால் மின்சாரம் பாயும் உலோக ஃபிராக் உள்ள பாயிண்டுகளையே வாங்கி, பாயிண்டின் நிலைக்கேற்பத் துருவம் மாறும்படி ஒரு ஸ்விட்ச் மூலம் இணையுங்கள். பாயிண்ட் பிளேடு (நகரும் தண்டவாள நாக்கு) தண்டவாளத்தைத் தொடுவதால் மட்டும் கிடைக்கும் மின்சாரத்தை நம்பினால், முதல் பெயின்ட் துளியோடு அது போய்விடும்.

வளைவு: கடையில் வளைத்தே கிடைக்கும் செட் டிராக்கின் 228 மி.மீ. ஆரம் நாலு சக்கர, ஆறு சக்கர லோகோக்களுக்குப் போதும். இன்னும் இறுக்கமாக 150, 117 மி.மீ. வளைவுகளும் உண்டு, அவை டிராம் போன்ற குட்டி வண்டிகளுக்கு. 228 மி.மீ. ஆரத்தில் முழு வட்டம் போட 600 மி.மீ. அகலப் பலகை வேண்டும். எட்டுக்கு நாலு பிளைவுட்டில் நாலுக்கு இரண்டு அடியாக நாலு பலகை வரும், கடையிலேயே அறுத்துத் தருவார்கள். தண்ணீர் தாங்கும் பிளைவுட்டாக, 12 மி.மீ. கனத்தில் எடுங்கள். எம்டிஎஃப் மலிவுதான், ஆனால் ஒரு ஐப்பசி மழைக்கே உப்பிவிடும். பலகை உப்பினால் தண்டவாளம் அலையாகிவிடும்.

ஏற்றம்: நாற்பதுக்கு ஒன்று, அதாவது ஒரு மீட்டர் ஓட்டத்தில் 25 மி.மீ. உயர்வு. அதற்கு மேல் போகாதீர்கள். ஏற்றமும் வளைவும் ஒரே இடத்தில் வந்தால் ஐம்பதுக்கு ஒன்றாகக் குறையுங்கள். நிஜ மலை ரயில் இதைவிடச் செங்குத்தாக ஏறுகிறதே என்று வாதாடலாம். நிஜ ரயிலில் சக்கரத்துக்கு அடியில் மணல் தூவ ஆள் இருக்கிறார்.

இடைவெளி: தண்டவாளத்தைக் குளிரான மார்கழிக் காலையில் முட்டிக்கொண்டு போட்டால் சித்திரை வெயிலில் நெளியும். ஜாயினரில் அரை மி.மீ. இடம் விடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் மல்டிமீட்டரைத் தண்டவாளத்தில் வைத்து ஒவ்வொரு அடியிலும் வோல்டேஜ் பாருங்கள். தூரத்து மூலையில் அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் அங்கே ஃபீடர் போதவில்லை. வெறும் தண்டவாளத்தில் குறை தெரியாமல் ஒளிந்துகொள்ளும். ஒரு லோகோவையோ 12 வோல்ட் பல்பையோ அந்த முனையில் வைத்துக்கொண்டு அளந்தால்தான் உண்மை தெரியும்.

4. சேசிஸை வெறுமனே ஓட்டிப் பாருங்கள்

வாங்கிய சேசிஸில் எதையும் மாற்றாமல் முதலில் ஓட்டுங்கள். முன்னோக்கி அரை மணி நேரம், பின்னோக்கி அரை மணி நேரம், பாதி வேகத்தில், எதையும் இழுக்காமல். மோட்டார் பிரஷ், கம்யூட்டேட்டரின் (பிரஷ் உரசச் சுற்றும் உருளையின்) வளைவுக்கேற்பத் தேய்ந்து படியவேண்டும், கியர்களும் பழகவேண்டும். பிறகு வரும் எந்தக் கோளாறும் உங்கள் கைவேலையால் வந்ததா, பிறவியிலேயே இருந்ததா என்று தெரிந்துகொள்ளவும் இந்த ஓட்டம் வேண்டும்.

கவனிக்கவேண்டியவை மூன்று. சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் தயங்கினால் அது கியரில் சிக்கிய நூல், முடி, அல்லது உடைந்த பல். கண்ட இடத்தில் நின்றால் மின்தொடர்புப் பிரச்சினை. மெதுவாகக் கிளம்பாமல் குதித்துக் கிளம்பினால் பெரும்பாலும் எண்ணெய் காய்ந்து பிசினாகியிருக்கும். பழைய சேசிஸில் இது சகஜம்.

எண்ணெய் போடுவதில்தான் அதிகப்படியான தப்பு நடக்கிறது. ஊசிமுனையில் ஒட்டும் அளவு போதும், அதுவும் பிளாஸ்டிக்கை அரிக்காத எண்ணெய். தையல் மெஷின் எண்ணெயை டப்பாவிலிருந்து நேரே ஊற்றி வந்த லோகோ ஒன்றைச் சுத்தம் செய்ய எனக்கு மூன்று நாள் ஆனது. எண்ணெய் சக்கரத்துக்கு வந்து, தண்டவாளத்துக்குப் போய், அங்கே தூசியைச் சேர்த்து, லேஅவுட்டில் இருந்த மற்ற வண்டிகளையும் நிறுத்திவிட்டது.

சக்கரங்களின் உட்பக்க இடைவெளியையும் இப்போதே அளந்துவிடுங்கள். 9 மி.மீ. கேஜுக்கு அது சுமார் 7.4 மி.மீ. இருக்கவேண்டும். குறைந்தால் பாயிண்டில் ஏறிக் குதிக்கும். சக்கரங்களை இணைக்கும் ராடு உள்ள நீராவி சேசிஸ் என்றால் சக்கரத்தை ஆக்ஸிலிலிருந்து உருவாதீர்கள். இருபுறமும் ராடுகள் 90 டிகிரி விலகி நிற்கும்படி ஆலையில் பூட்டியிருப்பார்கள். கையால் திரும்பப் பூட்டி அந்தக் கோணத்தை எல்லா ஆக்ஸிலிலும் ஒன்றுபோல் கொண்டுவருவது முதல் லோகோவுக்கான வேலை இல்லை.

5. பிக்கப்பை அதிகப்படுத்துங்கள்

மொத்த வேலையில் பலன் அதிகம் தருவது இதுதான். ஒரு நாள் முழுக்க இதற்கே போனாலும் போகட்டும்.

முதலில் எத்தனை சக்கரம் மின்சாரம் எடுக்கிறது என்று எண்ணுங்கள். மல்டிமீட்டரின் ஒரு முனையை மோட்டார் டெர்மினலில் வைத்து, மறுமுனையால் அந்தப் பக்கச் சக்கரங்களை ஒவ்வொன்றாகத் தொடுங்கள். பீப் வராத சக்கரம் சும்மா கூட வருகிற பயணி. ரப்பர் டயர் போட்ட சக்கரமும் அப்படித்தான். இழுவைக்காகப் போட்ட ரப்பர், நாலு சக்கர லோகோவில் கால்வாசி மின்தொடர்பைத் தின்றுவிடுகிறது. உதிரியாக ரப்பரில்லாத சக்கரம் கிடைத்தால் மாற்றிவிடலாம். இழுவைக் குறைவை எடை ஏற்றிச் சரிக்கட்டலாம்.

புதிய பிக்கப் செய்வது இப்படி. செப்புப் பூச்சுப் பலகையில் 4 மி.மீ. அகலத் துண்டு வெட்டி, நடுவில் செப்பை அரத்தால் கீறி இரண்டாகப் பிரியுங்கள்: இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. இரண்டுக்கும் நடுவே பீப் வரவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, சேசிஸின் அடிமூடியில் எபாக்சியால் ஒட்டுங்கள். சூப்பர் க்ளூ வேண்டாம். சால்டரிங் சூட்டில் அது விட்டுவிடும், அதன் புகையும் கண்ணை எரிக்கும்.

பாஸ்பர் பிரான்ஸ் கம்பியை முடிந்த அளவு நீளமாக எடுத்து, ஒரு முனையைச் செப்பில் பற்றவைத்து, மறுமுனை சக்கரத்தின் உட்புற முகத்தைத் தொடும்படி வளையுங்கள். நீளமான கம்பி மெல்லிய அழுத்தத்தோடு சக்கரத்தைப் பின்தொடரும். குட்டையான கம்பி ஒன்று தொடவே தொடாது, அல்லது பிரேக் மாதிரி பிடிக்கும். புதியவர்கள் கம்பியை அழுத்தமாக வளைப்பார்கள், நல்லா தொடட்டுமே என்று. சின்ன மோட்டாருக்கு அது பாறாங்கல். சக்கரத்தைக் கம்பி தொட்டபின் இன்னும் அரை மி.மீ. வளைந்தால் போதும், அவ்வளவுதான் அழுத்தம்.

ஒவ்வொரு கம்பியாகச் சேர்த்து, ஒவ்வொன்றுக்குப் பின்னும் ஓட்டிப் பாருங்கள். நாலையும் சேர்த்துவிட்டு ஓட்டினால் எது இறுக்குகிறது என்று தேடவேண்டியிருக்கும்.

இவ்வளவும் செய்தும் போதவில்லை என்றால், லோகோவுக்குப் பின்னால் ஒரு வேகனை நிரந்தரமாக இணைத்து, அதன் சக்கரங்களிலிருந்தும் இரண்டு மெல்லிய வயர் கொண்டுவாருங்கள். நாலு சக்கரம் எட்டாகிவிடும். கரிவேகன், பிரேக் வேகன் எதுவானாலும் சரி, பார்ப்பவர்களுக்கு இயல்பாகத்தான் இருக்கும். என் லேஅவுட்டில் நிற்காமல் ஓடுகிற இரண்டு லோகோவுக்கும் இந்த ஏற்பாடுதான்.

6. உள்ளே யாருக்கு எந்த இடம் என்று பிரியுங்கள்

பாடிக்குள் இருக்கும் வெற்றிடத்துக்குப் போட்டியிடுபவர்கள் மூவர்: எடை, டிகோடர் (டிஜிட்டல் கட்டளையைப் படித்து மோட்டாரை ஓட்டும் சின்ன சர்க்யூட்), கெப்பாசிட்டர் (கொஞ்சம் மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் பாகம்). கிடைத்த பொந்திலெல்லாம் ஈயத்தை அடைத்து எபாக்சி ஊற்றிவிட்டு, ஆறு மாதம் கழித்து டிகோடர் வாங்கி வருபவர்கள் உண்டு. அப்புறம் ஈயத்தை உளியால் குடையவேண்டும். இப்போது டிகோடர் இல்லாத சாதாரண டிசியில்தான் ஓட்டப்போகிறீர்கள் என்றாலும் 15 × 9 × 4 மி.மீ. அளவில் ஒரு காலியிடம் விட்டுவையுங்கள்.

எடையை ஓடும் சக்கரங்களின் நடுவே, முடிந்த அளவு தாழ்வாக வையுங்கள். சேடில் டேங்க் (பாய்லர் மேல் தண்ணீர்த் தொட்டி உள்ள) பாடியில் டேங்குக்குள் இடம் தாராளமாக இருக்கும். ஆனால் அங்கே அடைத்தால் வண்டி தலைக்கனத்தோடு வளைவில் சாயும். முன்பின் சமநிலையைப் பார்க்க, லோகோவை ஒரு பென்சில் மேல் குறுக்கே வையுங்கள். இரண்டு ஆக்ஸிலுக்கும் நடுவில் நிற்கவேண்டும். பின்பக்கம் சாய்ந்தால் முன்சக்கரம் தண்டவாளத்தை லேசாகத்தான் தொடும், அங்கே மின்தொடர்பும் போகும்.

எவ்வளவு எடை? ஒரு தோராயக் கணக்கு. உலோகச் சக்கரத்தின் பிடிப்பு எடையில் ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், 60 கிராம் லோகோ 12 கிராம் விசையோடு இழுக்கும். நாற்பதுக்கு ஒன்று ஏற்றத்தில் தன்னையே தூக்க 1.5 கிராம் போகும். மீதி பத்தரைக் கிராமில், ஏற்றமும் சக்கர உராய்வுமாக வேகன் எடையில் இருபதில் ஒரு பங்கு செலவாகும் என்று கொண்டால், 210 கிராம் வரை இழுக்கலாம். 20 கிராம் வேகன் பத்து. வளைவு இதில் கணிசமாகத் தின்றுவிடும், ஐந்தாறு வேகன் நிச்சயம். குறுகிய பாதையில் அதற்கு மேல் எங்கே நிறுத்தப்போகிறோம்?

அதிக எடையும் ஆபத்துதான். முழு வோல்டேஜில் லோகோவைக் கையால் பிடித்து நிறுத்தினால் சக்கரம் வழுக்கிச் சுற்றவேண்டும். சுற்றாமல் மோட்டார் முனகி நின்றால் எடையைக் குறையுங்கள். அப்படியே விட்டால் ஏற்றத்தில் ஒரு நாள் மோட்டார் கருகும்.

7. பாடியைப் பொருத்துவது

3டி பிரின்ட் பாடி, பிளாஸ்டிக் பாடி, ஒயிட் மெட்டல் கிட் மூன்றும் கிடைக்கின்றன. முதல் முறைக்கு பிரின்ட் பாடியைச் சொல்வேன். தப்பானால் இன்னொன்று வாங்க முடியும். ரெசின் பிரின்ட் என்றால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கழுவி நன்றாகக் காயவிட்டுத்தான் ப்ரைமர். அதைத் தேய்க்கும்போது தண்ணீர் தொட்ட உப்புத்தாளைப் பயன்படுத்துங்கள், மாஸ்க் போடுங்கள். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

ஒயிட் மெட்டலோ பித்தளையோ என்றால் ஒரு எச்சரிக்கை. பல N கேஜ் சேசிஸ்கள் நடுவில் பிளந்த இரண்டு உலோகக் கட்டிகள். ஒரு கட்டி இடது தண்டவாளத்தின் மின்சாரம், இன்னொன்று வலது. உலோகப் பாடி இரண்டையும் தொட்டால் ஷார்ட். பெயின்ட் இருக்கிறதே என்று விடாதீர்கள், அது ஒரு ஓட்டத்தில் தேய்ந்துவிடும். பாடியின் உட்புறம் முழுக்க கேப்டன் டேப் ஒட்டி, பாடியிலிருந்து இரண்டு பக்கச் சக்கரங்களுக்கும் மீட்டர் வைத்துப் பாருங்கள். பீப் வரவே கூடாது.

பாடியை ஒட்டாதீர்கள், ஸ்குரூவாலோ இறுக்கமான கிளிப்பாலோ பூட்டுங்கள். எந்த லோகோவும் ஒருநாள் திறக்கப்படும். முதலில் ப்ளூ டாக் போன்ற ஒட்டுக்களிமண்ணால் தற்காலிகமாக நிறுத்தி, லேஅவுட்டின் மிக இறுக்கமான வளைவில் கையால் உருட்டிப் பாருங்கள். படி, சிலிண்டர், பஃபர் பீம் (முனையில் உள்ள குறுக்குச் சட்டம்) எதிலும் சக்கரம் உரசக்கூடாது. நேரோ கேஜ் பாடி தண்டவாளத்தைவிட மிக அகலம் என்பதால் நடைமேடை ஓரத்தையும் குகை வாயையும்கூட இடிக்கும். சுவரைக் கட்டுவதற்கு முன் நீளமான வண்டியை உருட்டிப் பாருங்கள்.

பெயின்ட் கடைசி. ஓட்டம் திருப்தியான பிறகு மட்டும்.

8. கப்ளிங்

வண்டிகளை இணைக்கும் கப்ளிங்கில் ஒரே ஒரு வகையைத் தேர்ந்தெடுத்து எல்லா வண்டிக்கும் அதையே போடுங்கள். ஐரோப்பிய நேரோ கேஜ் மாடல்களில் வளையமும் கொக்கியும் உள்ள வகை அதிகம். அமெரிக்கப் பாணி 1:87 ஆட்கள் மைக்ரோ ட்ரெய்ன்ஸ் கப்ளரை விரும்புவார்கள். எது என்பதைவிட உயரம் முக்கியம். ஒரு அட்டைத் துண்டில் சரியான உயரத்தைக் கீறி அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். வண்டி ஏற்றத்தில் பிரிந்துபோனால் பத்தில் எட்டு முறை காரணம் உயரம்தான்.

9. டிகோடர் வேண்டுமென்றால்

ஒரே லோகோ, ஒரே வட்டம் என்றால் டிசி போதும். இரண்டு மூன்று லோகோவைத் தனித்தனியாக ஓட்ட வேண்டுமென்றால் டிசிசி, அதாவது தண்டவாளம் வழியாக டிகோடருக்குக் கட்டளை அனுப்பும் டிஜிட்டல் முறை.

இணைப்புக்கு முன் செய்தே ஆகவேண்டிய ஒன்று: மோட்டாரின் இரண்டு முனைகளும் சேசிஸிலிருந்து முற்றிலும் பிரிந்திருக்கவேண்டும். பழைய சேசிஸ்களில் கீழ் பிரஷ் நேரே உலோகக் கட்டியைத் தொட்டுக்கொண்டிருக்கும். டிசிக்கு அது பாதகமில்லை. டிகோடருக்கு அது மரணம். ஒரு பழைய சேசிஸில் நான் இதைப் பார்க்காமல் பவரைப் போட்டேன். ஒரு சின்னப் புகைச்சுருளும் மூவாயிரத்துச் சொச்சம் ரூபாயும் போயின. மீட்டரை வைக்க ஐந்து நொடி ஆகியிருக்காது.

வயர் நிறங்கள் பொதுவானவை. சிவப்பு வலது தண்டவாளப் பிக்கப், கறுப்பு இடது. ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு. வெள்ளை முன்விளக்கு, மஞ்சள் பின்விளக்கு, நீலம் விளக்குகளுக்கான பொது பாசிட்டிவ். எல்ஈடி போட்டால் ரெசிஸ்டர் அவசியம். 1000 ஓம் வைத்தால் எரிந்துபோகாது. வெளிச்சம் அதிகமாகத் தெரிந்தால் மதிப்பைக் கூட்டிக்கொள்ளலாம்.

கெப்பாசிட்டர் சேர்த்தால் தூசு பட்ட இடத்தை லோகோ தாண்டிவிடும் என்பது உண்மை, ஆனால் எதிர்பார்ப்பை அளவோடு வையுங்கள். 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், 50 மில்லிஆம்பியர் எடுக்கும் மோட்டாரை ஒரு நொடியில் சுமார் இருபதில் ஒரு பங்கு நேரம்தான் ஓட்டும். மெதுவாகப் போகும் குட்டி லோகோ அதற்குள் இரண்டு மூன்று மி.மீ. போகும். ஒரு தூசுப் புள்ளிக்கு அது போதும், செத்த ஃபிராக்குக்குப் போதாது. 25 வோல்ட் தாங்கும் கெப்பாசிட்டராக எடுங்கள். டிகோடருக்கென்றே விற்கும் தயார் யூனிட் வாங்கினால் சார்ஜ் ஆகும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பாகங்கள் அதிலேயே இருக்கும். புரோகிராமிங் டிராக்கில் (டிகோடரை அமைப்பதற்கான தனித் தண்டவாளத்தில்) மதிப்புகளைப் படிக்க முடியாமல் போனால் கெப்பாசிட்டரைக் கழற்றிவிட்டுப் படியுங்கள்.

அமைப்புகளை இந்த வரிசையில் செய்யுங்கள். சிவி என்பது டிகோடருக்குள் இருக்கும் எண்ணிட்ட அமைப்பு. முதலில் சிவி 1, முகவரி. ஆலையிலிருந்து வரும்போது 3 என்றிருக்கும். அடுத்து சிவி 3, 4 இரண்டையும் 0 ஆக்குங்கள். இவை வேகம் ஏறும், இறங்கும் நிதானம். இவை இருந்தால் மற்ற மாற்றங்களின் விளைவு உடனே தெரியாது. பிறகு சிவி 2: முதல் படியில் சக்கரம் ஊர்ந்து கிளம்பும்வரை ஒவ்வொன்றாகக் கூட்டுங்கள். அதன் பின் சிவி 5, உச்ச வேகம். கடைசியில்தான் 3, 4க்குத் திரும்பி நிதானத்தைக் கூட்டவேண்டும்.

உச்ச வேகத்தை எப்படி முடிவு செய்வது? N கேஜ் சேசிஸ் எக்ஸ்பிரஸ் வேகத்துக்காகக் கியர் போடப்பட்டது. மலை ரயில் பாடி வைத்து முழு வோல்டேஜில் விட்டால் எலி ஓடுவதுபோல் இருக்கும். டார்ஜிலிங் வண்டி 88 கி.மீ. போக ஏழு மணி நேரத்துக்கு மேல் எடுக்கிறது, அதாவது மணிக்குப் பன்னிரண்டு கி.மீ. அளவு. 1:76 அளவில் அது ஒரு மீட்டருக்கு 23 நொடி. 1:87 அளவில் மணிக்கு 25 கி.மீ. என்றால் ஒரு மீட்டருக்குப் பன்னிரண்டரை நொடி. தண்டவாளத்தில் ஒரு மீட்டர் குறித்து, செல்போன் ஸ்டாப் வாட்ச் வைத்து ஓட்டுங்கள். டிசியில் ஓட்டுபவர்கள், மோட்டார் வயரில் இரண்டு டயோடுகளை எதிரெதிர்த் திசையில் பக்கம் பக்கமாக இணையாகச் (பேரலலாக) சேர்த்த ஜோடிகளைத் தொடராக வைக்கலாம்; ஜோடிக்கு 0.7 வோல்ட் குறையும், மூன்று ஜோடியில் கன்ட்ரோலர் குமிழுக்கு நல்ல நிதானம் வரும்.

கோர்லெஸ் (இரும்புக் கரு இல்லாத) மோட்டார் உள்ள சேசிஸைப் பழைய ஃபீட்பேக் வகை டிசி கன்ட்ரோலரில் ஓட்டாதீர்கள். அதன் துடிப்பு மின்சாரத்தில் மோட்டார் சூடேறிக் கெடும்.

10. தினசரி ஓட்டமும் சுத்தமும்

நம் வீடுகளில் தண்டவாளத்துக்கு எதிரிகள் நிறைய: சீலிங் ஃபேன் இறக்கும் தூசி, வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி, கொசுவர்த்தி, தாளிக்கும் எண்ணெய்ப் புகை. எல்லாம் சேர்ந்து தண்டவாளத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத பிசுக்காகப் படியும். ஓட்டாதபோது பழைய வேட்டியால் லேஅவுட்டை மூடிவையுங்கள். ஓட்டுவதற்கு முன் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பருத்தித் துணியால் ஒரு துடை. அது காய்ந்த பின்தான் பவர். ஆவி எளிதில் தீப்பிடிக்கும்.

உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். அன்றைக்கு ஜோராக ஓடும். கீறல்களில் அழுக்கு தங்கி அடுத்த வாரமே நிற்கும், பிறகு வாராவாரம் தேய்க்கவேண்டியிருக்கும்.

சக்கரத்தைச் சுத்தம் செய்ய, ஆல்கஹால் லேசாகத் தொட்டு, பெரும்பாலும் உலர்ந்த டிஷ்யூவைத் தண்டவாளத்தின் குறுக்கே விரித்து, லோகோவின் ஒரு ஆக்ஸில் டிஷ்யூ மேலும் மறு ஆக்ஸில் தண்டவாளத்திலும் இருக்கும்படி பிடித்து ஓட்டுங்கள். கறுப்புக் கோடுகள் விழும். கோடு விழாத வரை இடம் மாற்றி மாற்றிப் பிடியுங்கள். அப்புறம் மறுபக்கம்.

லோகோ நின்றால் தள்ளாதீர்கள், தடயம் அழிந்துவிடும். நின்ற இடத்திலேயே விட்டுவிட்டு மீட்டரை எடுங்கள். தண்டவாளத்தில் வோல்டேஜ் இருக்கிறதா? இல்லையென்றால் ஃபீடர் அல்லது ஃபிராக் ஸ்விட்ச். இருந்தால், லோகோவின் மேல் லேசாக விரலை வைத்து அழுத்துங்கள், நகர்த்தவேண்டாம். கிளம்பினால் சக்கரமோ தண்டவாளமோ அழுக்கு, அல்லது ஒரு சக்கரம் தூக்கிக்கொண்டிருக்கிறது. கிளம்பாவிட்டால் பிக்கப் கம்பி சக்கரத்தை விட்டு விலகியிருக்கும். கம்பியும் சரி என்றால்தான் மோட்டாரைத் திறக்கவேண்டும். நின்ற இடத்தைச் சாக்பீஸால் குறித்துவையுங்கள். ஒரே குறியில் மூன்று முறை நின்றால் அந்த இடத்துத் தண்டவாளத்தைப் பாருங்கள். குறிகள் லேஅவுட் முழுக்கச் சிதறியிருந்தால் லோகோவைத் தலைகீழாக்கி ஐந்தாம் பகுதியிலிருந்து மறுபடி ஆரம்பியுங்கள்.